அம்மா வழி நோயா, அப்பா வழி நோயா?

கேள்வி: கோத்தகிரி வட்டத்தில், மேட்டுப்பாளையம் பக்கமாக இறங்கும் சரிவில் உள்ள ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 24 வயது. என் அண்ணனுக்கு அரிவாள் செல் சோகை இருப்பதாக அவருடைய 9 வயதில் கண்டுபிடித்தார்கள். மார்கழி, தை மாதங்களில் அவருக்கு வலி கூடுகிறது. நானும் தம்பியும் நலமாக இருக்கிறோம். மூவரில் அண்ணனுக்கு மட்டும் ஏன் வந்தது? அம்மாவின் தங்கை ஒருவர் சிறு வயதிலேயே மஞ்சள் கண்ணும் கைகால் வலியுமாக இருந்து இறந்துபோனதால், ‘இது அம்மா வழியில் வந்த நோய்’ என்று அப்பா வீட்டார் இன்றும் சொல்லிக் காட்டுகிறார்கள். இப்போது தாய்மாமன் மகனுக்கு என்னைப் பேசியிருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருமா? அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் சர்க்கரை நோய் இருக்கிறது. தாத்தா காசநோயில் இறந்தார். இவையும் எனக்கு வருமா? அண்ணன் திருமணம் செய்துகொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அம்மாவைப் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனாலும் அந்த வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஒரு பிள்ளைக்கு அரிவாள் செல் சோகை வந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணமான மரபணு தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்திருந்தால் உங்கள் அண்ணனும் உங்கள் பெற்றோரைப் போலவே நோயில்லாமல் நடமாடிக்கொண்டிருப்பார். உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே, மருத்துவர்களான நாங்கள் வழக்கமாகச் செய்வதுபோல, ஆண்களுக்குச் சதுரமும் பெண்களுக்கு வட்டமும் போட்டு உங்கள் குடும்பத்தை ஒரு தாளில் வரைந்தேன். நோயுள்ளவருக்கு முழுக் கறுப்பு, நோயில்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவருக்குப் பாதிக் கறுப்பு. அந்தத் தாளில் உங்கள் அம்மாவின் வட்டம் எவ்வளவு கறுப்போ, அப்பாவின் சதுரமும் அவ்வளவே கறுப்பு. ‘தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை’ என்கிறோம். இந்தச் சேலையில் பாவு ஒருவருடையது, ஊடை மற்றவருடையது.

நம் உடலின் பெரும்பாலான மரபணுக்கள் இரட்டையாக இருக்கின்றன. இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தருகிற, உடலெங்கும் பிராணவாயுவைச் சுமந்து செல்கிற ஹீமோகுளோபின் என்ற புரதத்தின் ஒரு பகுதியைச் செய்வதற்கான குறிப்பு 11ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பீட்டா சங்கிலி எனப்படும் அந்தப் பகுதி 146 அமினோ அமிலங்கள் கோத்த சரம். அதில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக் அமிலம் வர வேண்டிய இடத்தில் வேலின் வந்துவிடுவதுதான் இந்த நோயின் முழுக் காரணம். ‘அரிசி’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘அரசி’ என்று எழுதிவிட்டதைப் போல, ஒரே ஓர் எழுத்துப் பிழை. இந்தக் குறிப்பின் இரண்டு படிகளில் (நகல்களில்) ஒரு படியில் பிழை இருந்து மற்றொரு படி சரியாக இருப்பவருக்கு, சரியான படியைப் பார்த்து உடல் போதுமான அளவு நல்ல ஹீமோகுளோபினைச் செய்துகொள்கிறது. அவரைத்தான் கேரியர் என்கிறோம். அவர் நோயாளி அல்லர். கொழுந்து பறிக்கலாம், மலை ஏறலாம், பிள்ளை பெறலாம். மிகக் கடுமையாக உழைக்கும்போது உடலில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டு படியிலும் பிழை இருப்பவருக்கே நோய்.

அந்தப் பிழை என்ன செய்கிறது என்பதை உருப்பெருக்கியில் பார்த்த எவரும் மறக்க மாட்டார்கள். கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தத்தோடு, பிராணவாயுவை உறிஞ்சிவிடும் மருந்தைச் சேர்த்து, மேலே மெல்லிய சில்லை வைத்து, ஓரத்தில் காற்றுப் புகாமல் வாஸலின் பூசிவிட்டுக் காத்திருப்போம். முதலில் எல்லா அணுக்களும் நடுவில் அமுங்கிய வட்டத் தட்டுகளாகத்தான் தெரியும். நேரம் போகப் போக ஒன்று நீளும், ஒன்று வளையும். கடைசியில் தகடு முழுவதும் கதிர் அறுக்கும் அரிவாள்களைக் கொட்டி வைத்ததுபோல் ஆகிவிடும். உங்கள் அண்ணனின் உடலுக்குள்ளும் பிராணவாயு குறையும் இடங்களில் இதுவே நடக்கிறது. விறைத்த அணுக்கள் மெல்லிய இரத்தக்குழாய்களில் சிக்கி அடைத்துக்கொள்ளும்போது எலும்பிலும் மூட்டிலும் தாங்க முடியாத வலி வருகிறது. சாதாரணச் சிவப்பணு சுமார் 120 நாள் வாழும். இவை 10 முதல் 20 நாளில் உடைந்துவிடுவதால் சோகையும் கண் மஞ்சளும் வருகின்றன. மார்கழி, தை மாதங்களில் அண்ணனுக்கு வலி கூடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். குளிரில் தோலின் இரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. தாகம் எடுக்காததால் தண்ணீரும் குறைவாகக் குடிக்கிறோம். இரண்டும் சேர்ந்து வலியைத் தூண்டுகின்றன. நம் மலையின் பனிக்காலம் இவர்களுக்கு உண்மையிலேயே கெட்ட காலம்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். நான் இந்த மலைக்கு வந்த புதிதில், விரல்களும் முழங்காலும் வீங்கி அழுதுகொண்டு வந்த ஒரு சிறுவனை மூட்டுவாதம் என்று எண்ணி, இரண்டு குளிர்காலம் வலிமாத்திரை மட்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன். அவனுடைய அக்காவுக்கும் இதே வலி இருந்ததா என்று நான் கேட்கவே இல்லை. மூன்றாவது குளிர்காலத்தில் அவன் பாட்டிதான், கேட்காமலே, ‘இவன் அக்காவும் இப்படித்தான் துடிப்பாள்’ என்று சொன்னார். குடும்பத்தைப் பற்றிக் கேட்காமல் நோயைப் பற்றி மட்டும் கேட்கக் கூடாது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பாட்டிதான். உங்கள் சித்தியைப் பற்றி நீங்களாகவே எழுதியது எனக்கு எவ்வளவு உதவியது என்பது கீழே தெரியும்.

ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த மூவரில் அண்ணனுக்கு மட்டும் ஏன் என்பது உங்கள் கேள்வி. இதற்காகவே என் மேசையில் இரண்டு புளியங்கொட்டைகள் வைத்திருக்கிறேன். தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல் ஒரு பக்கம் வெள்ளையாகும்வரை தேய்த்தவை. ஒரு கொட்டை அப்பா, ஒரு கொட்டை அம்மா. வெள்ளைப் பக்கம் பிழையுள்ள படி, கறுப்புப் பக்கம் சரியான படி. ஒவ்வொரு கர்ப்பத்தின்போதும் இரண்டையும் ஒருமுறை உருட்டுகிறார்கள். இரண்டும் வெள்ளையாக விழுவது நான்கில் ஒரு வாய்ப்பு. அது நோயுள்ள பிள்ளை. ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பாக விழுவது நான்கில் இரண்டு; அது கேரியர். இரண்டும் கறுப்பாக விழுவது நான்கில் ஒன்று. இதைக் கேட்டதும் பலர், ‘முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது’ என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். கொட்டைகளுக்குப் போன ஆட்டம் நினைவில் இருப்பதில்லை. உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் நோய் வராதது, அண்ணனுக்கு வந்துவிட்டதால் அல்ல. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக உருட்டியதில் அப்படி விழுந்தது. எந்தச் சாபமும் எந்தப் பாவமும் இதில் இல்லை.

இனி உங்கள் திருமணம். பெற்றோர் இருவரும் கேரியர், உங்களுக்கோ நோய் இல்லை. எனவே இரண்டும் வெள்ளை என்ற வாய்ப்பைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், நீங்கள் கேரியராக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. உங்கள் சித்தி இறந்ததும் இந்த நோயாலேயே என்றால் (நீங்கள் எழுதிய மஞ்சள் கண்ணும் வலியும் அப்படித்தான் எண்ண வைக்கின்றன), அம்மா வழித் தாத்தா பாட்டி இருவருமே கேரியர்கள். அப்படியானால் நலமாக இருக்கும் உங்கள் தாய்மாமனும் கேரியராக இருக்க மூன்றில் இரண்டு வாய்ப்பு உண்டு. அவருடைய மகனுக்கு அதில் பாதி, அதாவது மூன்றில் ஒன்று. இவற்றோடு நான்கில் ஒன்று என்பதையும் பெருக்கினால், உங்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 18இல் 1. மாமன் மனைவியும் கேரியராக இருந்தால் இது இன்னும் கூடும்.

ஆனால் இந்தக் கணக்கை நான் போட்டுக் காட்டியது, இதை நம்பி முடிவெடுக்க வேண்டாம் என்று சொல்வதற்காகவே. பரிசோதனை செய்துகொண்டால் ‘மூன்றில் இரண்டு’ என்பதெல்லாம் மறைந்து ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ ஆகிவிடும். நீங்களும் அவரும் நிச்சயத்துக்கு முன்பே ஒருமுறை இரத்தம் கொடுங்கள். 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாதோலில் தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், பழங்குடிகள் வாழும் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதை இலக்காக வைத்திருக்கிறது. எனவே உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்பதிலிருந்து தொடங்குங்கள். அங்கே முதலில் செய்யும் கரைதிறன் சோதனை, அரிவாள் ஹீமோகுளோபின் இருக்கிறதா என்று மட்டுமே காட்டும். ஒரு படியா, இரண்டு படியா என்று பிரித்துக் காட்டாது. அதனால், ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. என்னும் சோதனையையும் கேட்டு வாங்குங்கள். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் அரிவாள் செல் கேரியராகவும் மற்றவர் பீட்டா தலசீமியா (அதே பீட்டா சங்கிலி போதிய அளவு உருவாகாத மற்றொரு பரம்பரை இரத்தக் குறைபாடு) கேரியராகவும் இருந்தாலும் பிள்ளைக்கு நோய் வரலாம். கரைதிறன் சோதனை தலசீமியாவைக் காட்டிக்கொடுக்காது, எச்.பி.எல்.சி. காட்டிக்கொடுக்கும்.

உங்கள் இருவரில் ஒருவருக்கு முடிவு முழுமையாகச் சரியாக வந்துவிட்டால், பிறக்கும் பிள்ளைகளுக்கு இந்த நோய் வராது. சிலர் கேரியராக இருக்கலாம், அவ்வளவே. இருவரும் கேரியர் என்று வந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பை அறிந்துகொண்டே முடிவெடுக்க வேண்டியிருக்கும். அந்நிலையிலும் திருமணம் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். அது உங்கள் இருவரின் முடிவு. கருவுற்ற 11ஆவது வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடித் திசுவில் சிறிது எடுத்துச் சோதித்துக் கருவின் நிலையை அறிய முடியும். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் இந்த வசதி இருக்கிறது. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே, இப்படிப்பட்ட இரத்த நோய்களுக்காகக் கருவைச் சோதிப்பதை அனுமதிக்கிறது. அதன் பிறகு என்ன செய்வது என்பதில் அவசரப்படுத்தும் எவருடைய பேச்சையும், என்னைப் போன்ற மருத்துவருடையதாக இருந்தாலும், கேட்க வேண்டாம்.

‘சொந்தத்தில் முடிக்காமல் வெளியில் கொடுத்தால் பிரச்சினை இல்லை’ என்று யாராவது சொல்லக்கூடும். பொதுவாக அது பாதி சரி. மாமன் மகனும் அத்தை மகளும் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள். அரிதான நோய்களைப் பொறுத்தவரை இது பெரிய வேறுபாட்டை உண்டாக்கும். ஆனால் நம் மலைச்சரிவுகளில் இந்த மரபணு அரிதானதே அல்ல. இந்தியாவில் இது இருப்பதை முதலில் எழுதியவர்களான ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும், 1952இல் அதைக் கண்டது நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். எனவே உறவே இல்லாத, ஆனால் இதே பகுதியைச் சேர்ந்த மாப்பிள்ளையைப் பார்த்தாலும் அவருக்கும் பரிசோதனை தேவை. சொந்தமா, அந்நியமா என்பதைவிட, பரிசோதித்தாயிற்றா என்பதே பெரிய கேள்வி.

ஏன் நம் பகுதியில் இவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அப்பா வீட்டாருக்கு இது தெரிய வேண்டும். நீலகிரியின் கீழ்ச்சரிவுகளும் கூடலூர், வயநாடு பக்கமும் ஒரு காலத்தில் கடுமையான மலேரியாக் காடுகள். அரிவாள் மரபணுவின் ஒரு படியை மட்டும் கொண்டவர்களை, குறிப்பாகக் குழந்தைகளை, கொடிய வகை மலேரியா எளிதில் கொல்வதில்லை என்பதை 1954இல் ஆந்தனி ஆலிசன் ஆப்பிரிக்க மக்களிடம் ஆராய்ந்து காட்டினார். மலேரியா மிகுந்த ஊர்களில் கேரியர்கள் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள், மரபணுவும் தங்கியது. இரண்டு படி பெற்ற ஒரு சிலர் அதற்கான விலையைக் கொடுத்தார்கள். இப்போது அந்த மலேரியா இல்லை. விலை மட்டும் மிச்சம் இருக்கிறது. ‘அம்மா வழி நோய்’ என்று அவர்கள் பெயர் வைத்திருக்கும் இதுவே, அவர்களுடைய முன்னோரையும் உங்களுடைய முன்னோரையும் அந்தக் காட்டுக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியிருக்கக்கூடும்.

சர்க்கரை நோய் இந்தக் கணக்குக்குள் அடங்காது. அதில் ஒரே ஒரு எழுத்துப் பிழை இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தள்ளிவிட, உடல் எடை, இடுப்புச் சுற்றளவு, உணவு, நடை ஆகியவை மீதியைச் செய்கின்றன. அப்பாவுக்கு இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மைதான். வந்தே தீரும் என்பது உண்மையல்ல. அதோடு, ஒரு குடும்பம் மரபணுவை மட்டும் பகிர்ந்துகொள்வதில்லை, அடுப்பையும் பகிர்ந்துகொள்கிறது. ராகியும் சாமையும் உண்டு நாள் முழுவதும் மேடு ஏறி இறங்கிய தாத்தாவின் உடலையும், மூன்று வேளை வெள்ளைச் சோறு உண்டு வண்டியில் போய்வரும் பேரனின் உடலையும் ஒரே மரபணு ஒரே மாதிரி நடத்துவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பக் காலத்தில் கட்டாயம் பாருங்கள். அண்ணனுக்குச் சர்க்கரை பார்க்கும்போது மட்டும் ஓர் எச்சரிக்கை: மூன்று மாதச் சராசரி என்று சொல்லப்படும் எச்பிஏ1சி சோதனை, அணுக்கள் முழு ஆயுள் வாழ்வதை நம்பிச் செய்யப்படுவது, அவருடைய அணுக்கள் சீக்கிரமே உடைவதால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டிவிடும். அவருக்கு நேரடி இரத்தச் சர்க்கரை அளவையே பார்க்க வேண்டும். நீங்கள் கேரியர் என்று தெரியவந்தால், அதையும் சோதனைக்கூடத்தில் சொல்லிவிடுங்கள்.

தாத்தாவின் காசநோய் பரம்பரை நோய் அல்ல. அது கிருமியால் தொற்றுவது. ஒரே வீட்டில், ஒரே காற்றை மூச்சாக்கி வாழ்பவர்களுக்குப் பரவுவதால் குடும்ப நோய்போலத் தோன்றுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

கடைசியாக உங்கள் அண்ணன். அவர் தாராளமாகத் திருமணம் செய்துகொள்ளலாம். அவரிடம் இருப்பது இரண்டும் பிழையுள்ள படிகள் என்பதால், பிள்ளைகள் எல்லாரும் அவரிடமிருந்து ஒரு படியைப் பெறுவார்கள். மனைவியின் இரண்டு படியும் சரியாக இருந்தால் அத்தனை பிள்ளைகளும் கேரியர், ஒருவருக்கும் நோய் இல்லை. மனைவி கேரியராக இருந்தால் நான்கில் ஒன்று அல்ல, பாதிக்குப் பாதி. எனவே பெண் பார்க்கும்போதே பரிசோதனையைப் பற்றிப் பேச வேண்டும். மறைத்துச் செய்யும் திருமணம் இரண்டு வீட்டையும் வதைக்கும். அவர் ஹைட்ராக்சியூரியா மாத்திரை சாப்பிடுகிறாரா என்று எழுதவில்லை. கருவில் இருக்கும்போது நம் உடலில் இருந்த வகை ஹீமோகுளோபினை மீண்டும் கூட்டி, வலி வரும் தடவைகளைக் குறைக்கும் மருந்து அது. சாப்பிடவில்லை என்றால் ஏன் கொடுக்கவில்லை என்று அவருடைய மருத்துவரிடம் கேட்கச் சொல்லுங்கள். சாப்பிடுகிறார் என்றால், குழந்தைக்குத் திட்டமிடுவதற்குச் சில மாதங்கள் முன்பே அதைத் தெரிவிக்க வேண்டும். தானாக நிறுத்தவும் கூடாது. சோகை என்ற பெயரைக் கேட்டு, பரிசோதிக்காமல் கொடுக்கப்படும் இரும்புச்சத்து மாத்திரையை அவர் சாப்பிட வேண்டாம். உடைந்த அணுக்களின் இரும்பு உடலிலேயே தங்கிவிடுவதால் பெரும்பாலும் அவருக்கு அது தேவைப்படாது, ஃபோலிக் அமிலம்தான் தேவை. காய்ச்சல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று வைக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அரிவாள் செல் நோயும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அதற்கான சான்றிதழை அவர் இன்னும் வாங்கவில்லை என்றால், நீங்கள் பரிசோதனைக்குப் போகும் நாளிலேயே அவருடைய பழைய அறிக்கைகளையும் எடுத்துச் சென்று விண்ணப்பிப்பது எப்படி என்று கேட்டு வாருங்கள்.